மூடியில் ஒரு பொட்டுப் பச்சை

சனிக்கிழமை காலையிலிருந்தே பெயின்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் கார் ஷெட்டுக்கும் நடுவே குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தார். கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். ஷெட்டில் ஸ்டூலின் மேல் வைத்திருந்த டின்னைத் திறப்பதற்காக எடுத்தது. போய் டின் பக்கத்தில் நிற்பார், மூடியின் விளிம்பில் ஸ்க்ரூ டிரைவரை வைப்பார், பிறகு எதையோ மறந்துவிட்டவர் போல வாசலுக்குத் திரும்பிவிடுவார்.

“அதைத் திறக்கப் போறீங்களா, இல்ல அதுக்குக் காவல் இருக்கப் போறீங்களா?” என்று சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி கேட்டாள்.

“திறக்கத்தான் போறேன். அவசரப்படுத்தாதே.”

“நான் எங்க அவசரப்படுத்துறேன்? நாளைக்குச் சாயங்காலம் வண்டியைப் பார்க்க ஆள் வருது. அவர்தான் அவசரப்படுத்துறாரு.”

அவர் மறுபடி வாசல் வரை போய்விட்டு வந்தார்.

கார்ப் பட்டறை ஒன்றில் பெயின்ட் அடிப்பவர் அவர். அக்கம்பக்கத்தில் டப்பா பெயின்டர் என்றால்தான் தெரியும். காரணம், அவர் சேர்த்து வைத்திருந்த டின்கள். பழைய கார்களுக்கு அந்தக் காலத்தில் அடித்த பெயின்ட், கம்பெனிகள் எப்போதோ நிறுத்திவிட்ட கலர்கள், சீல் உடையாத டின்கள். கட்டிலுக்கு அடியில், பரணில், வாஷிங் மெஷினுக்குப் பின்னால் என்று வீடு முழுக்க அவைதான். ஸ்டாம்ப் சேர்க்கிறவர்கள் விருந்தாளிக்கு ஆல்பத்தைக் காட்டலாம். இவர் டின்னைக் காட்டினால் விருந்தாளி “அப்படியா” என்று சொல்லிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லா டின்னையும் தலைகீழாகத் திருப்பி வைப்பார், அடியில் கசடு இறுகக் கூடாது என்று. அதனால் ஒரு மாதம் லேபிள்கள் நேராக இருக்கும், மறுமாதம் தலைகீழாக நிற்கும். தூசி தட்டும்போது தன் கழுத்தும் கூடவே திரும்பிப் போச்சு என்று மனைவி அலுத்துக்கொள்வாள்.

இத்தனை டின்களில் ஒன்றைக்கூட அவர் திறந்ததில்லை. கேட்டால், “திறந்தா அது வெறும் பெயின்ட். திறக்காத வரைக்கும்தான் அது கலர்” என்பார். அவருக்கே அது புரிந்ததா என்பது சந்தேகம்தான்.

ஸ்டூல் மேல் இருந்த டின்னின் கலர் மிஸ்ட் கிரீன். மகளுடைய காரின் கலர்.

மகள் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பெலும்பு உடைந்தவர்கள் என்று வீடு வீடாகப் போய் நடக்க வைப்பது அவள் வேலை. சம்பாதிக்கத் தொடங்கியதும் அவள் வாங்கிய முதல் பொருள் அந்தச் சின்னக் கார். அவளைவிட வயதில் மூத்த கார். பச்சை என்றும் சொல்ல முடியாது, சாம்பல் என்றும் சொல்ல முடியாது, அப்படி ஒரு கலர். அதைப் பார்த்த அன்றே பெயின்டர் சொன்னார், “இந்தக் கலர்ல ஒரு டின் எங்கேயாவது உயிரோட இருக்கும்மா. நான் கண்டுபிடிச்சுக் காட்டுறேன்.” கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காலை நேரம். அவருடைய மூக்குக் கண்ணாடியை மாற்றுவதற்காக மகள் காரில் கூட்டிப் போய்க்கொண்டிருந்தாள். பெயின்டருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆயிரம் கார்களுக்குப் பெயின்ட் அடித்தவர், ஒன்றையும் ஓட்டப் பழகவில்லை. அன்று பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். எதிர்ப்பக்கத்தில் ஏதோ ஒரு பழைய ஹார்டுவேர் கடையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். நடைபாதையில் சாமான்கள் குவிந்து கிடந்தன. அந்தக் குவியலில் ஒரு டின். அதன் மூடியில் ஒரு பொட்டுப் பச்சை. எந்த டின்னில் எந்தக் கலர் என்று தெரிய அந்தக் காலத்துக் கடைக்காரர்கள் மூடியில் ஒரு சொட்டு தொட்டு வைப்பார்கள். கண்ணாடி இல்லாமல் பேப்பரில் தலைப்புக்கூடப் படிக்க முடியாத கண், அந்தப் பொட்டைப் பார்த்துவிட்டது.

“நிறுத்து! நிறுத்து! நிறுத்து!” என்று கத்தினார்.

சக்கரத்துக்கு முன்னால் குழந்தைதான் வந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். பிரேக்கை மிதித்து ஸ்டியரிங்கை ஒடித்தாள். பின்னால் வந்த பால் வேன் பின்கதவில் மோதியது. கதவு நசுங்கியது, அதன் கண்ணாடி உடைந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அவள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டிருந்தாள். “ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். உடனே அவர் கதவைத் திறந்து இறங்கி, ரோட்டைத் தாண்டி, அந்தக் கடைக்குப் போய்விட்டார். அங்கே ஒருவன் குவியலை லாரியில் வாரிப் போட்டுக்கொண்டிருந்தான், அதுதான் அவசரம். திரும்பி வந்தபோது வேன் டிரைவர் ஜன்னல் வழியாக அவளை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தான். ரோட்டில் கூட்டம் சேர்ந்திருந்தது. பெயின்டர் டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்து மகளிடம் சொன்னார், “மிஸ்ட் கிரீன்மா! சீல்கூட உடையலை!”

அவள் அன்றைக்கு மூடிய வாய். அப்பாவிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அம்மாவிடம் சொன்னாள். ஸ்டியரிங்கையும் அதன் பிறகு தொடவில்லை. பஸ்ஸில் போனாள். பஸ் போகாத மேட்டுத் தெருவில் ஒரு நோயாளி, வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்கப் பழகியிருந்தவர். அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அவர் மறுபடி படுத்துவிட்டதாகச் சேதி வந்தது. அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தாள். ஆனாலும் காருக்குப் பக்கத்தில் போகவில்லை. போன வாரம், வண்டியை விற்கப்போவதாக அம்மாவிடம் சொன்னாள்.

கார் போனால் அவள் இனி ஸ்டியரிங்கையே தொட மாட்டாள் என்பது பெயின்டருக்குத் தெரியும். கார் இருக்கிற வரைக்கும் தான் செய்ததைச் சரிசெய்ய ஏதாவது இருக்கிறது. அது போய்விட்டால் எதைக் கொண்டு சரிசெய்வது? ஆகவே பழைய கார் உடைக்கும் இடத்தில் தேடி ஒரு கதவு வாங்கினார். சிவப்புக் கதவு. மாட்டினார், பட்டி பூசினார், உப்புத்தாளால் தேய்த்தார், அடிப்பூச்சாகச் சாம்பல் நிற பிரைமர் அடித்தார். வண்டி பழையபடி ஆகிவிட்டால், ஒன்றுமே நடக்காத மாதிரி ஆகிவிட்டால், அவள் மனசு மாறும் என்று நம்பினார்.

பட்டறையில் கலர் கலந்து கொடுக்கும் பெண் ஒரு யோசனை சொன்னாள். “பெட்ரோல் மூடியைக் கழட்டிக் கொண்டாங்கண்ணே. மெஷின்ல ஸ்கேன் பண்ணி அதே கலரைப் போட்டுத் தர்றேன்.”

“மெஷின் பார்க்கிறது இன்னைக்கு உள்ள கலரை. எங்கிட்ட அசல் இருக்கு.”

“இன்னைக்கு உள்ள வண்டியிலதானேண்ணே ஒட்டணும்?”

சின்னப் பெண், அனுபவம் பத்தாது என்று அவர் சிரித்துக்கொண்டே வந்துவிட்டார்.

ஒரு வழியாகச் சனிக்கிழமை பத்து மணி வாக்கில் மூடியை நெம்பினார். ‘பக்’ என்று ஒரு சத்தம், பின்னாலேயே பழைய தின்னர் வாசனை. மேலே எண்ணெய் மாதிரி மஞ்சளாக ஒரு திரவம் நின்றது. குச்சியை விட்டுத் துழாவினார். அடியில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. போச்சு என்று நினைத்தார். விடாமல் கிண்டினார். கெட்டி மெல்லக் கரைந்து, அடியிலிருந்து பச்சை சுருள் சுருளாக ஏறி வந்தது.

“உயிரோட இருக்கு!” என்று கூவினார்.

“யாரு?” என்று மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். டின்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, தின்னர் கலந்து, மற்ற இடங்களையெல்லாம் பேப்பர் ஒட்டி மறைத்து, ஸ்பிரே கன்னைப் பிடித்தார். கை தானாக ஓடியது. லேக்கர் பெயின்ட், சீக்கிரம் காயும். சாம்பல் கதவு அவர் கண்முன்னால் பச்சையானது. இப்படி ஒரு பச்சையை அவர் வாழ்நாளில் அடித்ததில்லை. காய்ந்ததும் பேப்பரை உரித்து, மனைவியைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக வண்டியை வெயிலுக்குத் தள்ளினார்கள்.

தள்ளி நின்று பார்த்தார்.

பழைய சட்டைக்குப் புதுக் கை தைத்த மாதிரி இருந்தது. கதவு ஒரு பச்சை, கார் வேறு பச்சை. அத்தனை வருஷம் வெயிலிலும் மழையிலும் நின்ற வண்டி வெளுத்து, பழுத்து, வேறொன்றாக மாறிப்போயிருந்தது. டின்னுக்குள் இருந்த கலருக்கு மட்டும் வயதே ஆகவில்லை. வேறு யாராவது இந்தத் தப்பைச் செய்திருந்தால் பட்டறையில் அவனை வறுத்தெடுத்திருப்பார். பெயின்ட் அடிப்பவன் வண்டியைப் பார்த்துத்தான் கலர் கலப்பான். டின்னைப் பார்த்து மயங்குகிறவன், டின் சேர்க்கிறவன் மட்டும்தான்.

மனைவி நாலு பக்கமும் சுற்றி வந்தாள். “கதவு நல்லாத்தான் இருக்கு. கார்தான் அழுக்கா இருக்கு.”

“பாலிஷ் போட்டா சரியாயிடும்.”

மத்தியானம் முழுக்கத் தேய்த்தார். மேலே இருந்த வெளுப்பு கொஞ்சம் போனது, உள்ளே இருந்த பழுப்பு போகவில்லை. விடாமல் தேய்த்ததில் பானெட் விளிம்பில் பெயின்டே கழன்று பிரைமர் பல்லை இளித்தது. அப்போதுதான் துணியைக் கீழே போட்டார். தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலித்தது.

சாயங்காலம் மகள் வந்தாள். தோளில் பை, முகத்தில் பஸ் புழுக்கம். வாசலைக் கடக்கும்போது காரைப் பார்த்து நின்றாள். பெயின்டர் தின்னர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, ஏதாவது சொல்லுவாளா என்று அவள் வாயையே பார்த்தார்.

“அம்மா,” என்றாள் அவள், பக்கத்தில் நிற்கும் அவரைப் பார்க்காமல். “இது அந்த டின்தானே?”

“ஆமாண்டி. அப்பா காலையிலேருந்து கிடந்து அல்லாடுறாரு.”

“எனக்கு இதைப் பார்த்தா கதவே தெரியலைம்மா. என்னை அந்த ஆள் அந்தப் பேச்சுப் பேசினப்போ, இவர் ரோட்டைத் தாண்டிப் போய் டின்னைத் தூக்கிட்டு வந்ததுதான் தெரியுது.” உதட்டைக் கடித்துக்கொண்டாள். “நாளைக்கு வர்றவர்கிட்ட விலையைக் குறைச்சுக்கூடக் குடுத்துடலாம். போகட்டும்.”

உள்ளே போய்விட்டாள். பெயின்டர் அங்கேயே நின்றார். செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அந்தக் கதவை அவரே மறுபடி பார்த்தார். இப்போது அவருக்கும் கதவு தெரியவில்லை. நெஞ்சில் டின்னை அணைத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வரும் ஒரு மடையன்தான் தெரிந்தான்.

ஞாயிற்றுக்கிழமை. பட்டறைக்கு விடுமுறை, மெஷினும் உள்ளே பூட்டிக் கிடந்தது. அந்தப் பெண்ணிடம் போன் செய்து கேட்டுப் பார்த்தார். அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள், வர ராத்திரியாகும். பார்க்க வருகிறவர் நாலு மணிக்கு மேல் வருவார். பெயின்டர் வாசலுக்கும் ஷெட்டுக்கும் நடந்தார். நாலு தடவை கை கழுவினார். பிறகு, யாரோ பிடித்துத் தள்ளின மாதிரி வீட்டுக்குள் போய் ஏணியை எடுத்துப் பரண்மேல் சாத்தினார்.

“என்ன பண்றீங்க?” என்றாள் மனைவி.

“பழைய கலரை அடிக்கணும்னா புதுக் கலரைக் கெடுக்கணும். மஞ்சள் வேணும், கறுப்பு வேணும், கொஞ்சம் செம்மண் கலர் வேணும். இதுவும் லேக்கர், கலக்கப்போறதும் லேக்கரா இருக்கணும். நாளைக்குத்தான் கடை திறப்பான்.”

“அதுக்கு?”

“அதுக்குத்தான்.” பரணிலிருந்து ஒரு டின்னை இறக்கி அவள் கையில் கொடுத்தார்.

அவள் அதை வாங்கிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். கேலிக்கு ஏதோ வாயில் வந்தது, முழுங்கிவிட்டாள். அடுத்த டின்னுக்குக் கையை நீட்டினாள்.

ஷெட்டில் வரிசையாக வைத்துத் திறக்க ஆரம்பித்தார். நேற்று ஒரு மூடிக்குக் காலை முழுக்க நடந்தவர், இன்று மளமளவென்று நெம்பினார். நின்றால் மனசு மாறிவிடுமோ என்று பயம். பழைய டாக்ஸி மஞ்சள், நல்லபடியாக இருந்தது. கறுப்பு, தேன் மாதிரி வழிந்தது. செம்மண் கலர் டின்னைத் திறந்தால் உள்ளே ரப்பர் கட்டி. குச்சியால் குத்தினால் குச்சி உடைந்தது. இத்தனை வருஷம் மாதம் தவறாமல் தலைகீழாகத் திருப்பித் திருப்பி வைத்தது ஒரு பிணத்தை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவியும் சிரித்தாள். வேறொரு டின்னில் சாக்லேட் கலர் கிடைத்தது, அது போதும்.

மிஸ்ட் கிரீனில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம் இருந்தது. அதிலிருந்து ஒரு மக் எடுத்து, அதில் கறுப்பை ஒரு சொட்டு விட்டார். அந்தச் சொட்டு பச்சைக்குள் இறங்கியபோது பல்லைக் கடித்துக்கொண்டார். கலக்கி, ஒரு பழைய மூடியில் தொட்டு, காய வைத்து, முன்கதவில் வைத்துப் பார்த்தார். ஈரத்தில் ஒரு கலர், காய்ந்தால் இன்னொரு கலர். நிழலில் ஒட்டும், வெயிலில் ஒட்டாது. மறுபடி ஒரு சொட்டு. மறுபடி ஒரு மூடி. தரை முழுக்கப் பச்சைப் பொட்டு வைத்த மூடிகள். மணி இரண்டைத் தாண்டியது. அவர் கண்ணுக்கு இப்போது எல்லாப் பச்சையும் ஒன்று போலத் தெரிந்தது.

“இதைப் பாரு. ஒத்து வருதா?” என்று மனைவியிடம் மூடியை நீட்டினார்.

“எனக்கு எல்லாம் பச்சையாத்தான் இருக்கு.”

“மஞ்சள் பத்தலை.”

பேசியது மனைவி இல்லை. சமையலறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மகள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை. பெயின்டருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவள் இதை அம்மாவிடம் சொன்னாளா, தன்னிடம் சொன்னாளா என்று புரியாமல் மனைவியைப் பார்த்தார். மனைவி அவசர அவசரமாக, “அடுப்புல பால் வெச்சேன்” என்று உள்ளே ஓடிவிட்டாள். அடுப்பில் எந்தப் பாலும் இல்லை.

“மஞ்சளா?” என்றார் மெதுவாக.

“அழுக்கு மஞ்சள்.” அவள் வெளியே வந்து காருக்கு இந்தப் பக்கம் நின்றாள், அவர் அந்தப் பக்கம். “வாரா வாரம் நான்தானே கழுவுறேன். சோப்பு போட்டவுடனே பச்சையாத் தெரியும். தண்ணி வடிஞ்சதும் அடியிலேருந்து ஒரு மஞ்சள் வரும். நீங்க கலந்ததுல அது இல்லை.”

அவர் டாக்ஸி மஞ்சளில் குச்சியைத் தொட்டு மக்கில் விட்டார்.

“இன்னும்.”

விட்டார்.

“இன்னும் கொஞ்சம். போதும், போதும்! இப்ப அந்தச் சாக்லேட்.”

மூடியில் தொட்டுக் காயவைத்து அவளிடம் கொடுத்தார். அவளே முன்கதவில் வைத்தாள். நிழலில் பார்த்தாள், வெயிலில் பார்த்தாள். மூடியைக் கதவில் நகர்த்திக்கொண்டே போனாள். ஓரிடத்தில் பொட்டு எங்கே முடிகிறது, கார் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அவள் மூடியை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். அவர் ஸ்பிரே கன்னை எடுத்தார்.

அடித்து, பக்கத்துப் பேனல் மேலும் புகை மாதிரி லேசாக இழுத்துவிட்டு, காயவைத்து, பேப்பரை உரித்தபோது கதவைக் காணோம். கதவு இருந்தது, தனியாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். அசல் மிஸ்ட் கிரீன் அந்த இடத்தில் இல்லவே இல்லை. அவர் ஏதாவது சொல்லலாமா என்று பார்த்தார். மகள் அந்தக் கதவுப் பக்கமே வரவில்லை. உள்ளே போனாள். அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவர் சாமான்களை ஒதுக்க ஆரம்பித்தார்.

டின்னில் இன்னும் கால்வாசி அசல் மிச்சம் இருந்தது. திறந்த டின்னானாலும் மிஸ்ட் கிரீன் மிஸ்ட் கிரீன்தானே. பெரிய டின்னில் விட்டால் காற்றுப் பட்டுக் கெட்டுவிடும். சின்னப் பாட்டில் ஒன்றைத் துடைத்து, புனல் வைத்து, டின்னை மெல்லச் சாய்த்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊற்றினார். பழைய புத்தி எங்கே போகும்.

கார்க் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தார். மகள் டிரைவர் சீட்டில் இருந்தாள். சாவி போட்டாள். மூன்று வாரம் தூங்கிய இன்ஜின் இருமியது, இன்னொரு தரம் இருமியது, பிடித்துக்கொண்டது. அவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். வண்டி நகரவில்லை. முன்கண்ணாடி வழியாக அவள் கைகள் தெரிந்தன. அன்றைக்கு நடுங்கின மாதிரியே நடுங்கின.

“அப்பா,” என்றாள்.

சத்தமாகக்கூடக் கூப்பிடவில்லை. பெயின்டர் கையிலிருந்ததை விட்டார். பாட்டில் உடைந்தது, டின் கவிழ்ந்து உருண்டது. பச்சை குபுக்கென்று சிமென்ட் தரையில் பரவி, சாக்கடை ஓட்டையைத் தேடி ஓடியது. அவர் அதை மிதித்துக்கொண்டே ஓடி வந்து, அன்று உட்கார்ந்திருந்த அதே சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

“சொல்லும்மா.”

அவள் அவரைத் தாண்டி வெளியே பார்த்தாள். “டின் கவிழ்ந்துருச்சுப்பா.”

“கவிழட்டும். நீ சொல்லு.”

அவர் திரும்பிப் பார்ப்பார் என்று அவள் காத்திருந்தாள். அவர் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குக் கண் கலங்கியது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

“தெருவைச் சுத்தி ஒரு ரவுண்டு போறேன். நீங்க பக்கத்துல இருந்தாப் போதும். ஆனா எதைப் பார்த்தாலும் கத்தக் கூடாது.”

“கத்த மாட்டேன்.”

“உங்களை நம்ப முடியாது.”

அதுவும் நியாயம்தான் என்று பட்டது அவருக்கு. தன்னைத் தானே நம்ப முடியாதவர் என்ன செய்வார்? கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். “இப்போ சரியா?”

அவள் சிரித்தாளா, அழுதாளா, தெரியவில்லை. கியர் விழுந்தது. வண்டி குலுங்கி நகர்ந்தது.

கண் தெரியாததால் காதெல்லாம் கண்ணானது. பக்கத்தில் ஏதோ லாரி உறுமிக்கொண்டு போனது, அவர் தன் தொடையைப் பிடித்துக்கொண்டார். யாரோ ஹாரன் அடித்தார்கள், கத்த வந்ததை முழுங்கிக்கொண்டார். ஒரு ரவுண்டு என்றாள். திருப்பங்களை எண்ணிப் பார்த்தால், தெருவைத் தாண்டி வண்டி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. அவர் கேட்கவில்லை.

சட்டைப் பையில் போன் அடித்தது. தடவி எடுத்து, தெரிந்த பட்டனை அழுத்தினார். மனைவியின் குரல் வண்டி முழுக்கக் கேட்டது. “எங்க போனீங்க ரெண்டு பேரும்? ஷெட்டெல்லாம் ஒரே பச்சையாக் கிடக்கு. வண்டியைப் பார்க்க அவர் வந்து நிக்கிறாரு, என்னன்னு சொல்றது?”

பெயின்டர் போனை மகள் பக்கம் நீட்டினார். அது அவர் சொல்ல வேண்டிய பதில் இல்லை. ஒரு திருப்பத்தில் இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்து நின்றது.

“வண்டி வேலைக்குப் போயிருக்குன்னு சொல்லும்மா,” என்றாள் மகள். “மேட்டுத் தெருவுல ஒருத்தர் எனக்காகப் படுத்துக் கிடக்கிறாரு.”

போனை அவர் மடியில் வைத்துக்கொண்டார். மூடிய இமைக்கு அடியிலிருந்து கண்ணீர் இறங்கியது. துடைக்கவில்லை. விரலெல்லாம் பச்சை, முகத்தில் ஒட்டும்.

சிறிது தூரம் போனதும் வண்டி சிக்னல் மாதிரி ஏதோ ஓரிடத்தில் நின்றது.

“இது எந்த இடம்னு தெரியுதாப்பா?”

“தெரியலை.”

“அந்தக் கடைக்கு எதிர்ல நிக்கிறோம். இன்னும் காலி பண்ணி முடிக்கலை. வெளியே ஏதோ டின்னெல்லாம் அடுக்கி வெச்சிருக்காங்க.” அவள் குரலில் ஒரு குறும்பு எட்டிப் பார்த்தது. “பார்க்கலையா?”

அவருடைய கால் விரல்கள் செருப்புக்குள் தாமாகவே நெளிந்தன. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

“பச்சை விழுந்துருச்சா பாரு,” என்றார். “விழுந்தா ஓட்டு.”